வெள்ளைக்காரன் ஆட்சியே தேவலையா?

16 ஜனவரி 2025, காலை. ஒரு வாசகர் கேட்டது:

"நேற்று லோயர் கேம்ப் போய் பென்னிகுக் மணிமண்டபத்தில் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். எங்கள் வயல் இரண்டு போகம் விளைகிறது என்றால் அது அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணையால்தான். என் அப்பத்தா இருந்தவரை 'வெள்ளைக்காரன் ஆட்சியே தேவலை' என்றுதான் சொல்லும். பள்ளிக்கூடம், ரயில், கோர்ட், அணை எல்லாம் அவன் வைத்தது. புத்தகத்தில் மட்டும்தான் அவன் கெட்டவன். உண்மையில் சனங்களை நன்றாகத்தானே வைத்திருந்தான்? இல்லை என்பவர்கள் விவரத்தோடு சொல்லுங்கள்."

16 ஜனவரி, இரவு

விவரத்தோடே சொல்கிறேன் தம்பி. நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். உசிலம்பட்டிக்கு மேற்கே, வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும்.

பென்னிகுக் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் தண்ணீர் திறக்கும்வரை அந்தக் காட்டில் கிடந்து, மேற்கே போய்க் கடலில் விழுந்துகொண்டிருந்த ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்ட மனிதர். காய்ச்சலிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் செத்த இடமும் அதுதான். அடுத்த வருஷம் பொங்கல் வைக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது. அணை கட்டினானா என்பது ஒன்று. நம்மை என்னவாகப் பார்த்தான் என்பது இன்னொன்று. உங்கள் அப்பத்தா முதல் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டாவதற்கு என் தாத்தாவிடம் பதில் இருந்தது. அவருடைய இடது கைக் கட்டைவிரலில் இருந்தது.

தாத்தா எங்கேயும் கைநாட்டு வைக்க மாட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் உரக் கடன் வாங்கப் போனால், ஆளைப் பார்த்ததும் மை டப்பாவை அவர் பக்கம் நகர்த்துவார்கள். அவர் அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனா கேட்பார். பள்ளிக்கூடம் போகாதவர். நாற்பது வயதுக்கு மேல் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார். நான்கு எழுத்து. அதை எழுதி முடிக்க ஒரு பீடி பற்றவைத்து அணையும் நேரம் ஆகும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பத்து வயதில் அவரோடு நின்ற எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். இப்போது தூக்கம் வருகிறது.

17 ஜனவரி

குற்றப் பரம்பரைச் சட்டம். எங்கள் ஊரில் 'ரேகைச் சட்டம்', இன்னும் சுருக்கமாக 'ரேகை'.

1871-ல் முதலில் வட இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1911-ல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒருவன் திருடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்ன சாதியில் பிறந்தான் என்பதே போதும். சாதியின் பெயர் அரசிதழில் வந்துவிட்டால் வயது வந்த ஆம்பளைகள் எல்லோரும் போலீஸ் பதிவேட்டில் பெயர் கொடுத்து, விரல் ரேகை பதிய வேண்டும். அப்புறம் ராத்திரி ஆனால் சாவடியிலோ ஸ்டேஷனிலோ போய்ப் படுக்க வேண்டும். பக்கத்து ஊருக்குச் சந்தைக்குப் போகவும் அனுமதிச் சீட்டு.

தாத்தா சொன்னது இவ்வளவுதான்: மழைக்காலத்தில் சாவடி ஒழுகும். வெள்ளாமைக் காவலுக்குப் போக முடியாது, ஆகவே கதிரைப் பன்றி தின்னும். கல்யாணமான முதல் மாதத்திலும் சாவடியில்தான் படுக்கை. இது மூன்றையும் ஒரே குரலில், வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்வார். கோபமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

17 ஜனவரி, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் எங்கள் பிறமலைக் கள்ளர்களுக்கு மட்டும் நடந்ததுபோல இருக்கிறது. தப்பு. குறவர், மறவர், ஒட்டர், இன்னும் எத்தனையோ பேர். இன்று சீர்மரபினர் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பக்கத்தில் அந்தப் பதிவேட்டில் இருந்தவர்கள்தான். சிலரைக் குடும்பத்தோடு பிடுங்கிக் கொண்டுபோய் முள்வேலிக் குடியிருப்புகளில் வைத்தார்கள். எங்களுக்காவது சொந்த வீடு இருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947-ல் எடுத்தார்கள். நாடு முழுக்க நீங்கியது 1952 ஆகஸ்ட் 31-ல். சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து என்பதையும் கவனியுங்கள்.

19 ஜனவரி

அணைக்கே திரும்புவோம். அது ஏன் கட்டப்பட்டது?

பெரியாற்றைத் திருப்பும் யோசனை பழையது. அது தூசி தட்டப்பட்டது தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு. 1876 முதல் 1878 வரை. தென்னாட்டில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா காலம். உங்கள் வீட்டிலும் அப்போது யாராவது கண்டிக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாமல் இருந்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பஞ்சத்தில் ஒரு மனிதரின் பெயர் முக்கியம்: ரிச்சர்ட் டெம்பிள். 1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கினார். சாவு மிகக் குறைவு. அதற்கு அவருக்குக் கிடைத்தது திட்டு. இவ்வளவு பணத்தை வீணாக்கிவிட்டான் என்று லண்டன் வரைக்கும் கேலி. மூன்று வருஷம் கழித்து வைஸ்ராய் லிட்டன் அவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார், செலவைக் குறைக்கச் சொல்லி. அவர் கெட்ட பெயரைத் துடைக்க வந்தார்.

நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா காசு என்று நிர்ணயித்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். நேற்று என் மனைவியிடம் சொல்லித் தராசில் 450 கிராம் அரிசி நிறுத்துப் பார்த்தேன். நம் வீட்டு உழக்கில் இரண்டு உழக்கு தேறவில்லை. குழம்பு இல்லை, பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. இதைத் தின்றுவிட்டு வெயிலில் நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது உயிரைத் தாங்காது, சிறைக் கைதிக்கே இதைவிட அதிகம் கொடுக்கிறோம் என்று சண்டை போட்டார். சில மாதத்தில் கூலியைக் கூட்டவும் வைத்தார். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சத்தில் வெட்டியது. எட்டு கிலோமீட்டர். அதன் கரையோரம் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஒரு தடவை ஜன்னல் வழியே கீழே பாருங்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1877 ஜனவரி 1-ந் தேதி, விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். ராஜாக்களுக்கு விருந்து நடந்த அதே வாரம் நம் ஊர்களில் கஞ்சித்தொட்டிக்கு முன்னால் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

20 ஜனவரி

'மழை பொய்த்தால் வெள்ளைக்காரன் என்ன செய்வான்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மழைக்கு அவன் பொறுப்பில்லை. தானியத்துக்குப் பொறுப்பு. 1877-ல் இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதி நிற்கவில்லை, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. சந்தையில் கை வைக்கக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. பீகாரில் மூன்று வருஷம் முன்னால் கை வைத்துக் காட்டினார்களே, அப்போது முடிந்தது.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது உண்மை. அந்தக் கம்பெனிகளின் முதலுக்கு வருஷம் 5 சதவீதம் லாபம் உறுதி என்று எழுதிக்கொடுத்து, லாபம் வராத வருஷம் குறையை நம் வரிப் பணத்தில் நிரப்பினார்கள் என்பதும் உண்மை. ஓசியில் யாரும் விடவில்லை.

23 ஜனவரி

இங்கே ஆங்கிலக் கல்விக்கு வழிபோட்ட மெக்காலே சொன்னதாக ஒரு படம் எனக்கும் வந்தது. 'இந்தியாவின் நீள அகலம் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை, இவர்கள் முதுகெலும்பை முறிக்க வேண்டும்' என்று 1835 பிப்ரவரி 2-ல் பாராளுமன்றத்தில் பேசினாராம். தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். பொய். அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். பாராளுமன்றத்தில் எப்படிப் பேசுவார்?

அதே தேதியில் அவர் உண்மையில் எழுதிய குறிப்பு இருக்கிறது. ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்கிறார். சமஸ்கிருதமோ அரபியோ தனக்குத் தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொண்டுவிட்டுச் சொல்கிறார். தமிழ் அவர் கணக்கிலேயே இல்லை. முந்தைய வருஷம் சென்னையில்தான் கப்பல் இறங்கி ஊட்டிக்குப் போனார். போகிற வழியெல்லாம் காதில் விழுந்த பாஷை அவருக்குச் சத்தம் மட்டும்தான் போலிருக்கிறது.

போலி மேற்கோளில் நம்மைப் புகழ்வதால் நமக்குப் பிடித்துவிடுகிறது. அசல்தான் வலிக்கிறது, அதைத்தான் படிக்க வேண்டும்.

2 பிப்ரவரி

பத்து நாளாக எழுதவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியதுதான் காரணம். அவர் கேட்டது: "ஐயா, உங்கள் தாத்தாவை அவன் சாவடியில் படுக்க வைத்தான். எங்கள் தாத்தாவை ஊருக்குள்ளேயே விடாதவர்கள் யார்? எங்கள் பிள்ளைகளை முதலில் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது யார்?"

இதற்கு நான் சட்டென்று பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்தேன். அவர் கேட்பது நியாயம்.

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் சேரிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசைக்கு அடியில் உள்ள மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, அதை வைத்தே மிராசுதார்கள் மிரட்டுகிறார்கள் என்று எழுதினார். அடுத்த வருஷம் வந்த உத்தரவில்தான் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தங்களுக்குள்தான் கைமாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நான் வருவாய்த் துறையில் 31 வருஷம் இருந்தவன். பணியில் சேர்ந்த புதிதில் வடக்கே ஒரு தாலுகா அலுவலகம். ரெக்கார்டு ரூமில் பழைய பதிவேடுகளை வெயிலில் காயவைத்து அடுக்கும் வேலையைப் புது ஆள் தலையில் கட்டுவார்கள். பழைய ஏட்டில் சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புக் கலத்தில், சிவப்பு மையில் 'டி.சி. நிபந்தனை' என்று இருக்கும், அதாவது பஞ்சமி நிலம். அதே எண்ணைப் புதிய நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் தேடினால் சிவப்பு மை இருக்காது. வேறு யார் பெயரோ இருக்கும். ஒரு நாள் மதியம் மட்டும் பதினொரு எண் பார்த்தேன். பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். 'புதுசா வந்திருக்கிற, கண்ணு கெட்டுப்போயிரும், மூடி வை' என்றார். மூடி வைத்தேன். அந்தப் பதினொரு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக இது என்னை அரிக்கிறது.

ஆகவே சகோதரி சொல்வது சரி. கொடுத்தவன் வெள்ளைக்காரன், பிடுங்கியவர்கள் நாம். என் சாதிக்காரர்களும் அதில் உண்டு.

ஆனால் ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். டிரமென்ஹீர் எழுதியபோது ஏறக்குறைய நூறு வருஷமாக அந்த ஜில்லாவில் வெள்ளைக்காரன்தான் வரி வாங்கிக்கொண்டிருந்தான். மிராசுதார் ஒழுங்காக வரி கட்டும்வரை, வயலில் இறங்குபவன் எப்படி நடத்தப்படுகிறான் என்று அவன் கேட்கவில்லை. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-ல் சொன்னதும் ஏட்டோடு நின்றது.

3 பிப்ரவரி

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தி சப்பைக்கட்டு மாதிரி இருக்கிறது என்று மகள் சொன்னாள். இருக்கட்டும், அழிக்கவில்லை. ஆனால் அதை அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கேள்விக்குப் பதில் அதற்கு முந்தைய பத்தியில் இருக்கிறது.

தாழ்த்தப்பட்டவர்களின் தலைவர்களான அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் வெள்ளைக்கார அரசுக்கு மனு மேல் மனு போட்டார்கள் என்றால், உள்ளூரில் மனு வாங்க ஆளே இல்லாதவர்கள் கதவு தெரிந்த பக்கம் தட்டினார்கள். அதைத் துரோகம் என்று பேசுபவர்களோடு நான் இல்லை.

11 பிப்ரவரி

'அடித்தது நம்ம ஆளுங்கதானே, வெள்ளைக்காரன் கை வைத்தானா' என்று இன்னொருவர். இந்த வாதம் 170 வருஷம் பழசு.

வரி கட்டாத குடியானவனைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன்வரை போய், சென்னை மாகாணத்தில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1855-ல் அறிக்கை. ஆங்கில அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொல் அப்படியே இருக்கிறது. ஒன்று கிட்டி: இரண்டு கட்டைக்கு நடுவே விரல்களை வைத்து நசுக்குவது. இன்னொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். நம் பாஷை அவர்கள் ஏட்டில் ஏறிய விதத்தைப் பாருங்கள்.

கமிஷன் என்ன முடிவுக்கு வந்தது? சித்திரவதை நடப்பது உண்மை, ஆனால் மக்கள் கதறுவது தங்கள் சொந்த இனத்து அதிகாரிகளிடமிருந்து காப்பாற்றச் சொல்லித்தான், ஐரோப்பிய அதிகாரிகள் மேல் குறையில்லை என்றது. தாசில்தாரும் சேவகனும் முரடர்கள், துரை நல்லவர். சரி, அந்தத் தாசில்தார் வசூலித்த பணம் யார் கஜானாவுக்குப் போனது? கிஸ்தி குறைந்தால் தாசில்தாரை வேலையை விட்டு நிறுத்தியது யார்?

என் 31 வருஷத்தில் இதே உத்தியைச் சின்ன அளவில் பார்த்திருக்கிறேன். இலக்கு மேலிருந்து வரும், கெட்ட பெயர் கீழே இறங்கும்.

12 பிப்ரவரி

சும்மா தோன்றியது. கூலி என்றால் நமக்குச் செய்த வேலைக்குரிய காசு. ஆங்கிலத்தில் அதே சொல் அந்த ஆளைக் குறிக்கிறது. குஜராத்தின் கோலி சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, ஆனால் இலங்கைக்கும் நேட்டாலுக்கும் மலேயாவுக்கும் போன நம் சனங்கள் மேல் ஒட்டியது அந்தச் சொல்தான். பறையர் என்ற பெயரை எடுத்து உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டவனுக்குப் பெயராக்கியதும் அந்த மொழிதான்.

'கேடி' என்று நாம் திட்டுகிறோமே, அது போலீஸ் ஏட்டில் 'தெரிந்த திருடன்' என்பதற்கான இரண்டெழுத்து ஆங்கிலச் சுருக்கம். என் பேரனைச் செல்லமாகக் கேடிப்பயலே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இது தெரிந்த பிறகு நிறுத்திவிட்டேன்.

கலெக்டர் என்றால் வரி வசூலிப்பவர், அவ்வளவுதான். தமிழில் நாம் அவரை ஆட்சியர் ஆக்கிவிட்டோம்.

20 பிப்ரவரி

விரல் ரேகை பதியும் வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டவருக்கு.

1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில், ஹெர்ஷெல் என்ற அதிகாரி சாலைக்கு ஜல்லி தர ஒப்பந்தம் போட்டார். ஒப்பந்தக்காரர் கோனாய். கையெழுத்து என்னுடையதில்லை என்று பின்னால் மறுத்துவிடுவானோ என்ற சந்தேகம். ஆகவே உள்ளங்கை முழுக்க மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். பயமுறுத்தத்தான் செய்தேன் என்று அவரே பின்னால் எழுதினார். ஆக, தொடக்கமே 'இவன் பொய் சொல்வான்' என்ற எண்ணம். கோனாய் எந்தப் பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு அலுவலகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டவர்கள் அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்கள். உலகம் அந்த முறையை அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயரால்தான் அறியும்.

நம் ஊரிலும் ஓர் அளவெடுப்பு நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களை வரவழைத்து மண்டையையும் மூக்கையும் இடுக்கியால் அளந்து எழுதினார். 1909-ல் வந்த ஏழு தொகுதிகளை இன்றும் பலர் தங்கள் சாதிப் பெருமைக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். மூக்கை அளக்க நாற்காலியில் உட்காரவைத்தவனிடம் நம் பெருமையைத் தேடுவது எனக்கு ஒப்பவில்லை.

9 மார்ச்

'வெள்ளைக்காரன் எல்லோரையும் ஒரே தராசில் போடுகிறீர்கள்' என்று கேள்வி தொடங்கிய தம்பியே எழுதியிருக்கிறார். போடவில்லை தம்பி. கார்னிஷைச் சொன்னேன், டிரமென்ஹீரைச் சொன்னேன். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸையும் சொல்கிறேன். 1816-லேயே தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் இல்லை, தனிக் குடும்பம் என்று எழுதியவர். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டி, குறளோடு தமிழ்க் கல்வெட்டும் வைத்தவர். மெக்காலே மாதிரி இல்லாமல் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

தாமஸ் மன்றோவை எடுத்துக்கொள்ளுங்கள். குடியானவனிடமே நேராக வாங்கும் ரயத்துவாரி வரியைக் கொண்டுவந்தவர், மாகாண கவர்னர், சென்னையில் குதிரைமேல் சிலையாக இருப்பவர். அவர் தன் ஆட்களைப் பற்றியே எழுதியது: இந்தியாவை வென்ற மற்ற அந்நியர்கள் கொடுமை செய்திருக்கிறார்கள், ஆனால் எங்களைப்போல யாரும் இந்த மக்களை இவ்வளவு இளக்காரமாக நடத்தியதில்லை, ஒரு முழு சனத்தையும் நம்பத் தகாதவர்கள் என்று முத்திரை குத்தியதில்லை.

இரண்டு மாதமாக நான் சுற்றிச்சுற்றி எழுதுவதை ஆளும் வெள்ளைக்காரரே அப்போது ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். இளக்காரம். அணையையும் பஞ்சத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து நிறுக்க எனக்கு இஷ்டமில்லை. என் தாத்தா எதனால் எழுத்துக் கற்றுக்கொண்டாரோ அதைத்தான் சொல்ல வந்தேன்.

4 ஏப்ரல்

நேற்று பெருங்காமநல்லூர் போய்விட்டு வந்தேன். 1920 ஏப்ரல் 3. ரேகை பதிய மாட்டோம் என்று மறுத்த ஊரைப் போலீஸ் சுற்றி வளைத்துச் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பெண், மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்கிறார்கள். ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. பிழைத்தவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரைக்கும் நடத்திக் கொண்டுபோனார்கள். அவர்களுக்காக வாதாட வந்தவர் மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோஜாப்பூ வைத்திருப்பாராம், அதனால் எங்கள் சனங்கள் அவருக்கு வைத்த பெயர் ரோசாப்பூ துரை. ஒரு மலையாளிக் கிறிஸ்தவரைத் துரை என்று மனசாரக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நினைவுத் தூணுக்கு மாலை போட நல்ல கூட்டம். கட்சிக் கொடிகள், மைக் செட். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற சிமெண்டுத் தரையில் நின்று 16 பெயரையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நடுவில் நிறுத்தி, 'இதுல மாயக்கா எது தம்பி' என்று கேட்டார். காட்டினேன். அந்தப் பெயர்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அங்கிருந்து பார்த்தாலும் மேற்கே மலை தெரிகிறது தம்பி. நீங்கள் பொங்கல் வைத்துவிட்டு வந்த அதே மலைத்தொடர். அணைத் தண்ணீர் உங்கள் பக்கம் போயிற்று. எங்கள் பக்கம் ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாய்க்கு எத்தனை வருஷம் போராடினார்கள் என்பது தனிக் கதை.

6 ஏப்ரல்

ஒரு திருத்தம். முதல் நாள் எழுதியதில், தாத்தா எங்கேயும் கைநாட்டு வைக்க மாட்டார் என்று சொன்னேன். அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தைக்கு 86 வயது, தாத்தாவின் கடைசி மகள், ஞாபகம் நன்றாக இருக்கிறது. 'தப்பா எழுதியிருக்கடா' என்றார்.

அத்தை கல்யாணத்துக்காகத் தாத்தா கிணற்றடி வயலை விற்றார். பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டாலும் ரேகையும் வைத்துத்தான் ஆக வேண்டும், படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் அதுதான் விதி. அதையே முப்பது வருஷம் பக்கத்து அறையில் பார்த்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்றோ தெரியவில்லை. தாத்தா நான்கு எழுத்தையும் எழுதி முடித்தாராம். குமாஸ்தா விரலைப் பிடித்து மையில் அழுத்தினாராம். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையைக் கூப்பிட்டுச் செங்கல் தூள் கேட்டிருக்கிறார். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருந்தாராம். மை போன பிறகும் விடவில்லை. அப்பத்தா வந்து கையைப் பிடித்து இழுத்துச் சாப்பிட உட்கார வைத்தது என்றார் அத்தை. அன்றைக்குக் கேப்பைக்களியும் அவரைக்காய்க் குழம்பும். இடது விரலில்தான் காயம், சோற்றுக்கைக்கு ஒன்றும் இல்லை.